டிவிக்கு எடுத்த ஆரத்தி

நான் கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்பே இரண்டு மருமகள்கள் இருந்தார்கள். ஒருத்தி சுவரில் இருந்தாள். என் கணவரின் முதல் மனைவி. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவள், மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அந்தப் படத்துக்குக் கீழே டிவியில் இருந்தாள். விளக்கு வைத்த நேரத்துக்கு வருகிற தொடரில், ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெரிய மருமகள். என் மாமியாருக்கு இந்த இரண்டு பேர் மேலும் உயிர். மூன்றாவதாக வந்த என்னை 'இந்தாம்மா' என்று கூப்பிடுவார்.

கீரைக்காரியும் இந்தாம்மா, நானும் இந்தாம்மா. கீரைக்காரியிடமாவது பேரம் பேசுகிற சாக்கில் நாலு வார்த்தை கூடப் பேசுவார்.

இரண்டாம் தாரம் என்பதால் எங்கள் கல்யாணம் ஒரு முருகன் கோயிலில் சத்தமில்லாமல் நடந்தது. மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றேன். ஆரத்தி எடுக்க ஆள் இல்லை. மாமியார் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எதிர்வீட்டு அக்காதான் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "எவ்ளோ நேரம்மா வெயில்ல நிப்ப, உள்ள வா. செருப்ப ஓரமா உடு" என்றாள். என் புகுந்த வீட்டு வரவேற்பு அவ்வளவுதான். பெற்ற பெண் மாதிரி வைத்திருந்தவள் போய் வருஷம் திரும்புவதற்குள் இன்னொருத்தியை எப்படி வா என்பார், பாவம் அவரும் என்ன செய்வார் என்று புத்தி சொல்லத்தான் செய்தது. மனசு கேட்கவேண்டுமே! எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். அந்தச் செருப்பை ஓரமாக விட்ட கணத்திலிருந்து ஒரே ஒரு ஆசைதான்: இந்த அம்மாள் ஒருநாள் என்னை வாய் நிறைய 'வா' என்று சொல்லவேண்டும்.

அதற்கு எனக்கு இருந்த ஒரே வழி அந்தத் தொடர். டிவி ஓடுகிற நேரத்தில் மட்டும் மாமியார் என்னிடம் பேசுவார். "பாத்தியாம்மா, சின்ன மருமக எப்பிடி மூஞ்ச திருப்பிக்கினு போறா?" என்பார். "ஆமா அத்த, திமிரு" என்பேன். சின்ன மருமகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அவளைத் திட்டினால் மாமியாரோடு ஐந்து நிமிஷம் பேச்சு ஓடும். அதற்காக அவளை நான் தினமும் கரித்துக் கொட்டினேன்.

தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் பார்ப்பார்கள். கூடத்தில் தறி, தறிக்கு எதிரே டிவி, நடுவில் பெண்கள். என் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே காதால் பார்ப்பார். வாய் திறந்து பேசுகிற மனுஷர் இல்லை. மாமனார் அந்த நேரத்துக்குச் சரியாகக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். பக்தியா, தப்பித்துப்போவதா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் தெருக்காரர்கள் சீரியல் பார்க்கிற விதமே வேறு. மற்ற ஊரில் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் முதலில் கரையைப் பார்ப்பார்கள், அப்புறம் முந்தி, நேரம் இருந்தால் முகம். கோடீஸ்வரி வில்லி ஒருத்தி பட்டு என்று சொல்லிப் பாலியெஸ்டரைச் சுற்றிக்கொண்டு வந்து, இந்தக் குடும்பத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டுவருகிறேன் என்று சவால் விட்டபோது கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. "மொதல்ல நீ ஒரு நல்ல புடவ வாங்குமா, அப்பால அடுத்தவங்க சொத்துக்கு வருவ" என்றாள் எதிர்வீட்டு அக்கா. பெரிய மருமகள் மட்டும்தான் அசல் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை கட்டுவாள். உடலுக்கு ஒரு நிற நூல், கரைக்கு வேறு நிற நூல் என்று தனித்தனியாக ஓட்டித் தறியிலேயே இரண்டையும் கோத்து நெய்வதுதான் கோர்வை. அது ஒன்றே போதும், அவள் உத்தமி என்று தெரு தீர்மானித்துவிட்டது.

அந்த உத்தமி ஒருநாள் அரக்கு உடலில் மஞ்சள் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. 'தொடரும்' என்று போட்டார்கள். தொடரவில்லை.

மறுநாள் அதே நேரத்தில் யாரோ ஒரு ஆள் வந்து வெண்டைக்காயில் பாயசம் செய்து காட்டினான். அதற்கு மறுநாள் பூசணிக்காயில் கேக். தயாரிப்பாளருக்கும் டிவிக்காரர்களுக்கும் தகராறாம், தொடரை நிறுத்திவிட்டார்களாம் என்று செய்தி வந்தது. தெரு கொதித்தது. கேபிள்காரர் எங்கள் தெருவுக்குள் சைக்கிளை விடவே பயந்தார். "நான் இன்னாக்கா பண்ணுவேன், நானா பஸ்ஸ ஓட்டுனேன்?" என்று ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டார். மாமியார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஆற்றில் விழுந்தவள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் நெய்விளக்குப் போடுகிறேன் என்று காமாட்சியம்மனிடம் வேண்டிக்கொண்டார். நான் கூடவே நின்று கும்பிட்டேன். என் வேண்டுதல் வேறு. தொடர் நின்றதோடு எங்கள் பேச்சும் நின்றுபோயிருந்தது. பழையபடி 'இந்தாம்மா, சோறு வெந்துடுச்சா' மட்டும்தான். அந்தப் புண்ணியவதி கரையேறினால்தான் நானும் கரையேற முடியும்.

மாதங்கள் போய், ஒரு நாள் மத்தியானம் டிவியில் விளம்பரம் வந்தது. 'மீண்டும் உங்கள் இல்லத்தில்' என்று குரல் வர, சேறு படிந்த இரண்டு கால்கள் ஒரு வீட்டு வாசலை நோக்கி நடந்தன. முகத்தைக் காட்டவில்லை. மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். "ஏ, வந்துட்டாடி! உசுரோட கீறாடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். எதிர்வீட்டு அக்கா அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் தீய்ந்த குழம்பு. யாரும் குறை சொல்லவில்லையாம்.

தொடர் மறுபடி ஆரம்பிக்கிற அன்று மாமியார் கூடத்தை மெழுகிவிட்டதுபோல் துடைத்து, டிவிக்குக் குங்குமம் வைத்தார். "செத்துப் பொழச்சி வர்றா. சும்மாவா உள்ள உடறது? ஆரத்தி எடுக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நியாயம்தானே என்றார்கள். தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் செக்கச்செவேலென்று ஆரத்தி தயாரானது. கரைத்தது யார் என்கிறீர்கள்? நான்தான். என் வாசலுக்கு வராத தாம்பாளத்தை டிவிப் பெட்டிக்காகக் கரைத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் சுண்ணாம்பு கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

ஆரம்பப் பாட்டு முடிந்ததும் மாமியாரும் எதிர்வீட்டு அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் தாம்பாளத்தைப் பிடித்து டிவிக்கு நேராகச் சுற்றினார்கள். வெற்றிலைமேல் வைத்த கற்பூரம் புகைந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையில் ஏதோ எழுத்து ஓடியது போலத் தெரிந்தது. தாம்பாளத்துக்குப் பின்னால் என்ன தெரியும்? கற்பூரம் அணையப் பார்த்ததால் நான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று சுற்று சுற்றித் தாம்பாளத்தை எடுத்துப்போய் வாசலில் கொட்டிவிட்டு எல்லோரும் திரும்பிவந்து உட்கார்ந்தபோது, தொடரில் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள்.

வேறு யாரோ.

சீரியல் மாமியார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, என் கண்ணே வந்துவிட்டாயா என்று கதறினாள். எங்கள் கூடத்தில் எல்லோருமாக டிவியைப் பார்த்துக் கத்தினார்கள். "ஏம்மா, அவ இல்லமா இவ! கண்ணத் தொறந்து பாரும்மா!" அந்த அம்மாள் எங்கே கேட்டாள்? உச்சிமுகர்ந்துகொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். "இருங்கடி. ஆத்துல உழுந்து மூஞ்சி கெட்டுப்போயிருக்கும். டாக்டருங்க ஆப்ரேசன் பண்ணி வேற மூஞ்சி வச்சிருப்பாங்க. இதெல்லாம் நடக்குது."

"மூஞ்சி மாறலாம்," என்றார் என் மாமியார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புடவ எப்பிடி மாறும்?"

எல்லோரும் பார்த்தார்கள். அதே அரக்கு, அதே மஞ்சள் கரை. ஆனால் எங்கேயோ உதைத்தது. "டேய், இங்க வாடா" என்று மாமியார் மகனைக் கூப்பிட்டார். என் கணவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். சோப்பு, தேயிலை, இன்னொரு சோப்பு எல்லாம் முடிகிறவரை அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மறுபடி அவள் வந்ததும் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"கோர்வ இல்ல. அரக்கு ஊட நூலு கரைக்குள்ளயே ஓடியிருக்குது. இது மஞ்சளே இல்ல, செம்மஞ்சள்."

கல்யாணமானதிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டுத் திரும்பத் தறிக்குப் போய்விட்டார். தீர்ப்பு வந்துவிட்டது. ஆற்றில் விழுந்தால் முகம் போகலாம், குரல் போகலாம், ஞாபகம்கூடப் போகலாம். கோர்வைப் புடவை ஆற்றில் நனைந்தால் கோர்வை போய்விடுமா? ஆக, வந்திருப்பவள் ஆள்மாறாட்டக்காரி. செத்தவள் கட்டியிருந்த புடவையைப் பற்றி யாரிடமோ கேட்டு, அவசரத்தில் அதே நிறத்தில் மலிவாக ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, குடும்பத்தை ஏமாற்ற வந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் தினமும் எங்கள் கூடம் போலீஸ் ஸ்டேஷன்தான். அவள் காப்பி கொடுத்தால், "குடிக்காதீங்க, என்னாத்த கலந்தாளோ" என்பார்கள். பூஜை அறைக்குள் போனால், "சாவி தேடறா" என்பார்கள். குடும்பம் எப்போது கண்டுபிடிக்கும், எப்போது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சீரியல்காரர்களோ அதைப்பற்றி மூச்சே விடவில்லை. அவளும் பாவம், வெள்ளந்தியாக எல்லோருக்கும் நல்லது செய்துகொண்டே இருந்தாள். படுத்துக்கிடந்த பெரியவருக்குக் கஞ்சி ஊட்டினாள். முறைத்துக்கொண்டு போன சின்ன மருமகளுக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஏன் என்று யோசிக்கவில்லை. ஆனால் மாமியார் அவளைத் திட்டும்போது மட்டும் என்னால் 'ஆமா அத்த' போட முடியவில்லை.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். "அத்த, வந்தவ யாரா வேணா இருக்கட்டும். நல்லாத்தானே நடந்துக்கினு இருக்கா?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதாம்மா பயமா இருக்குது. இன்னொருத்தி எடத்துல வந்து குந்திக்கினவ எவ்ளோ நல்லது செஞ்சா இன்னா? அவ ஆவாளா இவ?"

டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவசரமாகத் திரையைப் பார்த்தார்கள். தறிச் சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் மாமியாருக்கும் தான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் பாதி திரும்பியவர் மறுபடி திரைக்கே திரும்பிக்கொண்டார். நான் அழுதால் தொடரைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துவிடுவார்களே என்ற ரோஷத்தில் அழவில்லை. எழுந்து உள்ளே போனேன். விடிந்ததும் பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன்.

அம்மா வீடு ஒன்றும் காசியில் இல்லை. திருப்பருத்திக்குன்றம்தான், ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட ஒரு கௌரவமான தூரம் வேண்டும், எனக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. மூச்சு வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏண்டி, சீரியலுக்கா கோச்சிக்கினு வந்த? ஊர்ல கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றாள். "அவங்க என்னத்தான் சொன்னாங்கம்மா" என்றேன். அம்மா எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

நான் இல்லாதபோது நடந்ததை எதிர்வீட்டு அக்கா பிறகு எனக்கு நடித்தே காட்டினாள். சென்னையில் கொடுத்திருந்த என் நாத்தனார் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். சாயங்காலம் எல்லோரோடும் உட்கார்ந்து தொடர் பார்த்திருக்கிறாள். "இந்தத் திருடிய எப்பதாண்டி புடிப்பாங்க?" என்று மாமியார் கேட்க, நாத்தனாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எந்தத் திருடிம்மா?"

"இவதான். பெரிய மருமக பேரச் சொல்லிக்கினு வந்தவ."

"அய்யோ, அம்மா! இவதாம்மா பெரிய மருமக. பழைய ஆளு கல்யாணம் கட்டிக்கினு வெளிநாடு போயிட்டாளாம். அதான் வேற ஆளப் போட்டுட்டாங்க. மொத நாளே ரெண்டு பேரு போட்டோவயும் பக்கத்துல பக்கத்துல காட்டி, இவருக்குப் பதில் இனி இவர்னு போட்டானே! நீங்க பாக்கலியா?"

எங்கே பார்ப்பது? அதைப் போட்ட நேரத்தில்தான் அதன் மேலேயே தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோமே.

நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாளாம். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, 'அடுப்புல வச்சுட்டு வந்தேன்' என்று நழுவினார்களாம். மாமியார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம்.

"அப்போ நான் ஆரத்தி எடுத்தது யாருக்கு?"

"இவளுக்குத்தாம்மா. புதுசா வந்தவளுக்கு."

"அவ ஒண்ணுமே பண்ணலியேடி," என்றாராம் மாமியார். "வேல செய்ய வந்தவ. வந்த நாளுலேர்ந்து வாய்க்கு வந்தபடி பேசினோமே." இதைச் சொல்லும்போது அவர் டிவியைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எதிர்வீட்டு அக்கா சத்தியம் செய்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தறிப்பக்கம் திரும்பி, "டேய், இன்னும் இன்னாத்துக்கு நெய்யற? சைக்கிள எடுடா" என்றாராம்.

என் கணவர் சைக்கிளை எடுத்தது மறுநாள் சாயங்காலம். நான் அம்மா வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார். நாலு முறை மணியை அடித்தார்.

"அத்த இன்னா சொன்னாங்க?" என்று நான்தான் கேட்கவேண்டி வந்தது.

"இட்டுக்கினு வரச் சொன்னாங்க."

"வேற?"

யோசித்தார். "நேத்து ராத்திரி சாப்புடல" என்றார். இதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம், உள்ளே போனதும் இதைக் கேட்கவேண்டும், அதைக் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

தெருவுக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் வாசலில் இறங்கிப் படியில் கால் வைக்கப் போனேன். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "அங்கியே நில்லு!"

அவ்வளவுதான், ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் பறந்துபோனது. வரச் சொல்லிவிட்டு வாசலில் நிறுத்துகிறாரே என்று கணவரைப் பார்த்தேன். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதில் மும்முரமாக இருந்தார்.

மாமியார் வெளியே வந்தார். கையில் தாம்பாளம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் செக்கச்செவேலென்று இருந்தது. எதிர்வீட்டு அக்கா இரண்டே எட்டில் தெருவைத் தாண்டி வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தே பேசினார்.

"யாருன்னே தெரியாத ஒருத்திக்கு டிவியில எடுத்தேன். என் வாசல்ல வந்து நின்ன பொண்ணுக்கு எடுக்கல. எந்த மூஞ்ச வச்சிக்கினு உன்ன உள்ள கூப்புடறது, சொல்லு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அழுகை வந்ததோ! என் நெற்றியில் பொட்டு வைத்தார். சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் உள்ளே டிவியில் ஆரம்பப் பாட்டு கேட்டது. எதிர்வீட்டு அக்காவின் கழுத்து தானாக உள்ளே திரும்பியது. தாம்பாளம் சாய்ந்து என் புடவையில் கொஞ்சம் கொட்டியது. அந்தப் பாட்டு வந்தால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவர் என் மாமியார். அன்றைக்கு அவர் திரும்பவில்லை. மூன்று சுற்றையும் நிறுத்தி நிதானமாகச் சுற்றி முடித்தார்.

"வலது கால வச்சி உள்ள வாடி," என்றார்.

அன்றைக்குத் தொடரில் என்னவோ பெரிய சங்கதி நடந்ததாம். தெருவே நாள்கணக்கில் அதைத்தான் பேசியது. என் மாமியாருக்கும் எனக்கும் மட்டும் அது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.